காட்டுப் பாதுகாப்பு வசதியுரிமை

காட்டுப் பாதுகாப்பு வசதியுரிமை என்பது, காட்டு நிலத்தின் உடைமையாளர் அந்நிலத்தைக் கூறுபோடவும் அதில் கட்டடம் எழுப்பவும் தமக்குள்ள உரிமையைக் கைவிட்டு, அதைக் கண்காணிக்கும் அதிகாரத்தை ஓர் இலாபநோக்கற்ற அமைப்புக்கோ அரசுக்கோ வழங்கும் ஒப்பந்தம் ஆகும். நிலம் உடைமையாளரிடமே இருக்கும். அவர் அதை விற்கலாம், வாரிசுகளுக்கு எழுதி வைக்கலாம், ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவில் மரமும் வெட்டலாம். நிலம் யார் கைக்கு மாறினாலும் கட்டுப்பாடு நீங்காது. இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக உள்ளது.

சட்டப் பின்னணி

வசதியுரிமை என்பது பொதுவாகப் பிறர் நிலத்தின் வழியே நடக்கவும் நீர் கொண்டு செல்லவும் உள்ள உரிமையைக் குறிக்கும். இந்திய வசதியுரிமைகள் சட்டமும் (1882) இதை ஒரு நிலத்தை வைத்திருப்பவர் அந்நிலத்தின் பயன்பாட்டுக்காகப் பெறும் உரிமையாகவே வரையறுக்கிறது. அருகில் ஒரு சாண் நிலமும் இல்லாத அமைப்பு இவ்வுரிமையைப் பெறுவதை ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு எளிதில் ஏற்கவில்லை. ஆகவே அமெரிக்க மாநிலங்கள் தனிச் சட்டங்கள் இயற்றின. 1981இல் வெளியான மாதிரிச் சட்டம் இதற்கு உதவியது. நிரந்தர வசதியுரிமையை நன்கொடையாக வழங்குவோருக்கான வருமான வரிச் சலுகை 1980இல் சட்டத்தில் நிலையாக இடம்பெற்றது.

பிங்கிரி காடு

1990களின் இறுதியில் மேய்ன் மாநிலத்தில் காகித நிறுவனங்கள் தம் காடுகளை விற்கத் தொடங்கின. ஏரிக்கரைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீட்டுமனைகளாகும் என்ற அச்சம் எழுந்தது. 1998இல் நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு செயின்ட் ஜான் ஆற்றின் மேற்பகுதியில் சுமார் 1,85,000 ஏக்கரை 3.51 கோடி டாலருக்கு வாங்கியது. அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 190 டாலர்.

நியூ இங்கிலாந்து வனவியல் அறக்கட்டளை வேறு வழியை நாடியது. 1840கள் முதல் காடுகளை வைத்திருந்த பிங்கிரி குடும்பத்திடமிருந்து நிலத்தை வாங்காமல், வசதியுரிமையை மட்டும் 2001இல் அது வாங்கியது. பரப்பு 7,62,192 ஏக்கர். இது ரோட் தீவு மாநிலத்தின் நிலப்பரப்பை விடப் பெரியது. பெரும்பாலும் தனியார் நன்கொடையாகத் திரட்டப்பட்ட தொகை சுமார் 2.8 கோடி டாலர், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 37 டாலர். மரம் வெட்டும் தொழில் தொடர்ந்ததால், அதை நம்பியிருந்தோரின் வேலையும் நீடித்தது.

ஒப்பந்தப் பணிகள்

கையெழுத்திடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். நில அளவையர் எல்லையை வரைவார். வழக்கறிஞர் வில்லங்கம் பார்ப்பார். மதிப்பீட்டாளர், கட்டுப்பாடு இல்லாதபோது நிலத்தின் விலை என்ன, கட்டுப்பாடு வந்தபின் என்ன எனக் கணக்கிடுவார். இவ்விரண்டின் வேறுபாடே வசதியுரிமையின் மதிப்பு. வனவியலாளர் சாலைகள், ஓடைகள், மரங்கள் இருக்கும் நிலையைப் படங்களுடன் அடிப்படை ஆவணமாகப் பதிவு செய்வார். பிற்காலத்தில் வழக்கு வந்தால் இவ்வாவணம் முதன்மைச் சான்றாகும். இப்பணிகளில் பலவற்றை அமைப்புகள் வெளியாரிடம் ஒப்பந்தமாகவே விடுகின்றன.

செலவு அத்துடன் முடிவதில்லை. ஆண்டுதோறும் கண்காணிப்பு வேண்டும். பிங்கிரி போன்ற பெருங்காட்டை நடந்தே பார்த்து முடிக்க இயலாது என்பதால் செயற்கைக்கோள் படங்களும் வானூர்திகளும் பயன்படுகின்றன. இதற்கென ஒரு வைப்புநிதி ஒதுக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் வெறும் காகிதமே. மீறல் வழக்குகளை நடத்தும் செலவுக்காக நில அறக்கட்டளைகள் சேர்ந்து 2013இல் டெர்ராஃபர்மா என்னும் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கின.

விமரிசனங்கள்

பிங்கிரி ஒப்பந்தம் கட்டடங்களைத் தடுத்ததே தவிர, மரம் வெட்டும் முறையைப் போதிய அளவு கட்டுப்படுத்தவில்லை என்று குறைகூறப்பட்டது. வரிச்சலுகையும் முறைகேடுகளுக்கு இடமளித்தது. முதலீட்டாளர்கள் கூட்டாக நிலம் வாங்கி, அதன் மதிப்பை மிகைப்படுத்திக் காட்டி, போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு கழிவு கோரினர். 2022 திசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய கூட்டு முதலீடுகளில் கழிவு முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டினால், சில விலக்குகள் தவிர, அதை முழுவதும் மறுக்கிறது.