வீட்டுச் சேமிப்பகத்தில் தரவு மீட்டமைப்பு

பழைய வன்தட்டில் உள்ள கோப்புகளை, வீட்டுக் கணினிகளும் கைப்பேசிகளும் வலையமைப்பு வழியாகப் பொதுவில் பயன்படுத்தும் ‘நாஸ்’ சேமிப்பகத்துக்கு மாற்றும் முறை.

முறை: பழைய தட்டைப் புதிய சாதனத்தினுள் நேரே செருகலாகாது, பல சாதனங்கள் புதிதாக வரும் தட்டை அழித்து வடிவமைத்த பின்னரே ஏற்கும். சாட்டா–யூஎஸ்பி இணைப்பி மூலம் வெளியிலிருந்து, வாசிக்க மட்டும் இயலும் நிலையில் இணைப்பதே பாதுகாப்பானது. தட்டு பழுதடைந்திருந்தால் ‘டிடிரெஸ்கியூ’ மென்பொருளால் முதலில் முழுப் படிமம் எடுத்து, அதிலிருந்து கோப்புகளைப் பிரிப்பர். நல்ல தட்டுக்கு ‘ஆர்சிங்க்’ என்னும் படியெடுப்பு மென்பொருள் போதும். வேலை இடையில் நின்றாலும், படியெடுத்து முடிந்த கோப்புகளை அது மீண்டும் படியெடுக்காது. இறுதியில் இருபுறக் கோப்புகளும் ஒன்றே என உறுதிசெய்ய, அவற்றின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஷா-256 மதிப்புகளை ஒப்பிடுவர். அதுவரை பழைய தட்டை அழிப்பதில்லை.

நேரம்: 1 டெராபைட் தரவு கிகாபிட் கம்பியில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திலும், 100 மெகாபிட் கம்பியில் ஏறத்தாழ ஒரு நாளிலும் கடக்கும்.

இலங்கைச் சூழல்: 2022-இல் நாடு கண்டதைப் போன்ற நீண்ட மின்வெட்டு, படியெடுப்பைப் பாதியில் நிறுத்திக் கோப்பு முறைமையைச் சிதைக்கக்கூடும், தடையில்லா மின்வழங்கி இருந்தால் சாதனத்தை முறையாக அணைத்து அச்சிதைவைத் தவிர்க்கலாம். கல்முனைப் பகுதியிலுள்ள பாண்டிருப்பு போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்முனைக் கரையில் வீடுகளையே அள்ளிச் சென்றது. இரு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ‘ரெய்டு 1’ ஒரு தட்டின் பழுதைத் தாங்குமே தவிர, வீடே அழிந்தால் உதவாது. ஆகவே ஒரு பிரதி வேறூரில் இருக்க வேண்டும்.