பாட்டி சொன்னார்கள், பேத்தி நினைவில் வைத்தார்கள்

ஹதீஸ் நூல்களை ஓதுவோர் ஓர் அறிவிப்பாளர் தொடரைத் திரும்பத் திரும்பக் காண்பார்கள். ஹிஷாம் பின் உர்வா (ரஹ்) அறிவிக்கிறார்கள். அவர்கள் ஃபாத்திமா பின்த் முன்திர் (ரஹ்) அவர்களிடம் கேட்டார்கள். ஃபாத்திமா, அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களிலும் இத்தொடர் இடம்பெறுகிறது. பாடம் ஓதும்போது இப்பெயர்களை விரைந்து கடந்து, ஹதீஸின் வாசகத்துக்குச் சென்றுவிடுவதே நம் வழக்கம்.

சற்று நின்று நோக்கினால், இம்மூவரும் ஒரே குடும்பத்தினர் என்பது விளங்கும். அஸ்மா (ரலி) பாட்டியார். ஃபாத்திமா அவர்களுடைய மகன் முன்திரின் மகள். ஹிஷாம் மற்றொரு மகனான உர்வாவின் மகன், ஃபாத்திமாவின் கணவர். ஹிஷாம் பிறந்தது ஹிஜ்ரி 61இல். பாட்டியார் மறைந்தபோது அவர்கள் சிறுவர். ஆகவே தம் பாட்டியாரின் சொற்கள் பலவற்றைத் தம் மனைவியின் வாயிலாகவே பெற்றார்கள். ஒரு வீட்டுக்குள் பேசப்பட்டது, இவ்வாறே உம்மத்தின் மார்க்க அறிவாயிற்று.

அஸ்மா (ரலி) அவர்களை நாம் பெரும்பாலும் ஹிஜ்ரத்தின் நிகழ்வோடு மட்டும் நினைவுகூர்கிறோம். நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தைக்கும் கட்டிக்கொடுத்த உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் கட்டக் கயிறு இல்லாதபோது, தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அதனால் ‘தாத்துன் நிதாகைன்’, இரு கச்சைகளுக்கு உரியவர் என்று பெயர் பெற்றார்கள். அதே நாட்களில் நடந்த மற்றொரு நிகழ்வும் நம் கவனத்துக்குரியது. அபூபக்ர் (ரலி) தம் பணம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையிழந்த பாட்டனார் அபூ குஹாஃபா, பேத்திகள் கையில் ஏதுமின்றி விடப்பட்டார்களோ என்று கலங்கினார். அஸ்மா (ரலி) பணம் இருந்த மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மீது வைத்தார்கள். முதியவர் ஆறுதல் அடைந்தார். முதுமையின் மனத்தை அறிந்த பேத்தியாக அவர்கள் முதலில் இருந்தார்கள்.

பின்னர் நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவுக்குப் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்தார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதற்குழந்தை அவர்களே. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் இட்டு, துஆச் செய்தார்கள்.

கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் அப்போது ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வம் இல்லை. அஸ்மா (ரலி) குதிரைக்குத் தீனி வைத்தார்கள், நீர் சுமந்தார்கள், தோல் வாளியைத் தைத்தார்கள், மாவு பிசைந்தார்கள். ஒரு ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். தமக்கு ரொட்டி நன்றாகச் சுட வராது என்பதையும், அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்களே சுட்டுத் தந்தார்கள் என்பதையும் மறைக்காமல் தம் மகன் உர்வாவிடம் கூறினார்கள். வறுமையையும் குறையையும் பிள்ளைகளிடம் மறைக்காத தாய் அவர்கள்.

பேத்தி ஃபாத்திமா அவர்களிடமிருந்து பெற்றவை எவை? ஆடையில் மாதவிடாய் இரத்தம் பட்டால் எவ்வாறு தூய்மை செய்து தொழுவது என்பது ஒன்று. காய்ச்சல் கண்ட பெண்ணைக் கொண்டுவந்தால், பாட்டியார் துஆச் செய்து அவளுடைய சட்டைக் கழுத்தின் வழியே தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது ஒன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மேகமூட்டமான நாளொன்றில் நோன்பு திறந்துவிட்டபின் சூரியன் தென்பட்டது என்பது ஒன்று. எண்ணி எண்ணிக் கொடாமல் தாராளமாகச் செலவிட வேண்டும் என்ற நபிமொழி மற்றொன்று. இவை அனைத்தும் அடுப்படியிலும் நோயாளியின் பாயருகிலும் பயன்படும் அறிவு. பேத்தி அருகில் இருந்தார்கள், கேட்டார்கள், கண்டார்கள், காத்தார்கள்.

அஸ்மா (ரலி) முதுமையில் பார்வையை இழந்தார்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபா இரவில் தொழுதுகொண்டிருந்தவர்கள், உடனிருந்த பணியாளரை மகனே என்று அழைத்து, நிலா மறைந்துவிட்டதா என்று வினவினார்கள். இல்லை என்றதும் மீண்டும் தொழுதார்கள். மறைந்தது என்று அறிந்தபின் மினாவுக்குப் புறப்பட்டார்கள். பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த சலுகை அது என்றும் விளக்கினார்கள். பெண்களும் பலவீனர்களும் முஸ்தலிஃபாவிலிருந்து முன்னதாகப் புறப்படலாம் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் அந்த மூதாட்டியின் கேள்வியும் ஒன்று.

ஹிஜ்ரி 73இல் ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. மக்கள் கைவிட்ட நிலையில் அப்துல்லாஹ் (ரலி) தாயிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். சத்தியத்தில் இருப்பதாக அறிந்தால் அதிலேயே உறுதியாக நிற்குமாறு தாய் கூறினார்கள். மகன் கொல்லப்பட்டு, உடல் மரத்தில் தொங்கவிடப்பட்டது. ஹஜ்ஜாஜ் அழைத்தும் அவர்கள் செல்லவில்லை, அவனே வந்தான். ஸகீஃப் குலத்தில் ஒரு பொய்யனும் ஓர் அழிவுக்காரனும் தோன்றுவர் என்று நபி (ஸல்) அறிவித்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்லி, அந்த அழிவுக்காரன் நீயே என்று எண்ணுகிறேன் என்றார்கள். அவன் மறுமொழியின்றி எழுந்து சென்றான். சில நாட்களில் அவர்களும் வஃபாத்தானார்கள். வயது ஏறத்தாழ 100. பல் விழவில்லை, அறிவு தடுமாறவில்லை என்று வரலாறு கூறுகிறது.

இவ்வரலாற்றை ஓதும்போது நமக்கு வெட்கம் உண்டாகிறது. எங்கள் உம்மம்மா அரபுத்தமிழ்க் கிதாபுகளை ராகத்தோடு ஓதுவார்கள். அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். அரபி இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் ஓதிய நாங்கள், ஒருநாளும் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டதில்லை. அவர்களின் மவ்த்துக்குப்பின் கிதாபு எங்கள் கைக்கு வந்தது. எழுத்துகளை வாசிக்க முடிகிறது. ஓரங்களில் அவர்கள் பென்சிலால் இட்ட அடையாளங்கள் எதற்கென்று சொல்ல ஆளில்லை.

உம்மாவும் உம்மம்மாவும் வாப்பிச்சாவும் இன்னும் வீட்டில் இருக்கும் பாக்கியம் பெற்றோர், இன்று அஸருக்குப்பின் அவர்கள் அருகில் சற்று அமருங்கள். பேரப்பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள். ஒன்றைக் கேளுங்கள், சொல்வதை எழுதி வையுங்கள். அவர்களை இழந்தவர்கள், அவர்களுக்காக துஆச் செய்வதோடு, நினைவில் எஞ்சியிருப்பதைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள்.

யா அல்லாஹ்! எங்களைச் சிறுவயதில் வளர்த்து ஆளாக்கிய அன்னையர் மீதும் அவர்களின் அன்னையர் மீதும் ரஹ்மத் செய்வாயாக. அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. ஆமீன்.