செட்டிநாடு: கடல்கடந்த நகரத்தாருடன் தொடர்பு

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியையும் தேவகோட்டையையும் சூழ்ந்துள்ள ஊர்களின் தொகுதி. நாட்டுக்கோட்டை நகரத்தார் எனும் வணிகக் குடியினரின் தாயகம் இது. முன்பு 96 ஊர்கள் இருந்தன என்பது வழக்கு. இன்றுள்ளவை எழுபத்தைந்துக்குச் சற்று மேல் எனப்படுகிறது. எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடும். 19ஆம் நூற்றாண்டு முதல் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் ஆகிய இடங்களில் வட்டித் தொழில் நடத்தியவர்களைத் தாயகத்தோடு பிணைத்து வைத்த ஏற்பாடுகளே இக்கட்டுரையின் பொருள்.

முற்காலம்

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது அவர்களின் மரபு வரலாறு. அதற்குக் கூறப்படும் ஆண்டுகள் தம்முள் ஒவ்வா. கடல் வணிகத்துக்கு முன் அவர்கள் உப்பு வாணிகம் செய்தனர் என்பர்.

புள்ளி

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பதும் நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சார்ந்தது. திருமணத்துக்குக் கோயில் மாலை பெற்ற தம்பதியர் ஒரு 'புள்ளி'. கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. கோயில் வரி புள்ளிக் கணக்கிலேயே விதிக்கப்படும். கடல்கடந்து சென்றவனும் இக்கணக்கிலிருந்து நீங்குவதில்லை.

கொண்டுவிற்கப் போதல் (1850–1930)

வெளிநாட்டுத் தொழிலுக்குச் செல்வதை நகரத்தார் 'கொண்டுவிற்கப் போதல்' என்பர். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா நெல்லுக்குப் பெருஞ்சந்தையை உண்டாக்கின. காடு திருத்திப் பயிரிட்ட உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் முதன்மையானவர்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1930ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அங்கு நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650. முதலீடு சுமார் 75 கோடி ரூபாய்.

முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். தொழில் பழகவரும் சிறுவன் பெட்டியடிப் பையன். மேலாளின் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும் முன்பே குடும்பத்துக்குக் கொடுக்கப்படும். மனைவியையும் மக்களையும் உடன் அழைத்துச் செல்வது அரிது. தவணை முடிந்தால் ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கடையின் ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கும் ஊருக்கே வந்து சேரும். வீடு, கோயில், கணக்கு ஆகிய மூன்றும் செட்டிநாட்டில் இருந்தமையால் அயல்நாட்டுக் கடை ஒரு கிளையாகவே நின்றது. நெடுங்காலம் தனித்திருந்து வீட்டையும் கொடுக்கல் வாங்கலையும் உறவுமுறையையும் காத்தவர்கள் ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் பெண்கள். ஆவணங்களில் அவர்களைப் பற்றிய குறிப்பு மிகக் குறைவு. இத்தொடர்பின் பாதிப்பாரம் அவர்கள் தோளில் இருந்தது.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் பல மேலாட்கள் ஒரே நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் அமர்ந்து தொழில் செய்தனர். அக்கூடத்தின் பெயர் கிட்டங்கி. இச்சொல் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றதா, அங்கிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சென்ற இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். சிங்கப்பூர்க் கோயில் 1859ஆம் ஆண்டினது. ஆதாயத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்குச் சென்றது. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வது வழக்கமாக இருந்தது.

ஊருக்கு வந்தது பணம் மட்டுமன்று. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி ஆகியன வீடுகளில் இன்றும் காணக்கூடியவை. அவற்றினும் ஆழமாக வேரூன்றியது கவுனி அரிசி. பர்மாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இந்தக் கருநிற அரிசியை ஊறவைத்து வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறுவர். செட்டிநாட்டுத் திருமண விருந்தில் கவுனி அரிசி இல்லாத பந்தி அரிது.

காரைக்குடியில் 1920இல் தொடங்கிய 'தனவைசிய ஊழியன்', பர்மாவில் ஏ. கே. செட்டியார் ஆசிரியராக இருந்த 'தனவணிகன்' ஆகிய இதழ்களும் இரு கரைகளையும் இணைத்தன.

சரிவு

1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனுக்கு ஈடான நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. இதற்கு அவர்களின் வட்டியே காரணம் என்பது பர்மியர் தரப்பு. விலை வீழ்ச்சியே காரணம், அவர்களுக்கு வேண்டியது நிலமன்று, பணமே என்பது மறுதரப்பு. 1937இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் மலையும் காடும் கடந்து நடந்தே ஊர் சேர்ந்தனர். 1948ஆம் ஆண்டின் பர்மா நில தேசியமயச் சட்டமும் 1960களின் இராணுவ ஆட்சியும் எஞ்சியதை முடித்தன.

பிற்காலம்

நகரத்தாருள் ஒருவரான அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி நிறுவினார். அங்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன, சில விடுதிகளாயின. குடும்பங்கள் இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றன. எனினும் எந்நாட்டில் திருமணம் நடந்தாலும், மணமக்களுக்குரிய மாலை ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றிலிருந்தே வரவேண்டும் என்பது மரபு. அம்மாலை பெற்ற பின்னரே அவர்கள் ஒரு புள்ளி.