மிச்சத் துணியில் ஒரு பூமாலை

லண்டனின் தென்பகுதியில் மிச்சம் என்றோர் ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'பெரிய குடியிருப்பு' என்று பொருள்படும் பெயர் அது. தமிழில் எழுதினால் மீந்துபோனது என்றாகிவிடுகிறது. புதிதாகக் கேட்கும் தமிழருக்குச் சிரிப்பு வரும். ஆனால் வெட்டி எஞ்சிய துணித் துண்டுகளால் பூமாலை செய்வதைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பெயர் மட்டும் காரணமில்லை. பூப்போட்ட துணிக்கும் இந்த ஊர்ப்பக்கத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு.

ஊரும் பூவும் துணியும்

மிச்சத்தை ஒட்டி ஓடும் வாண்டில் ஆறு தேம்ஸ் நதியில் போய்ச் சேர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இதன் கரைகளில் துணி வெளுக்கும் களங்களும் அச்சிடும் பட்டறைகளும் இருந்தன. அங்கே அச்சிட்ட துணியின் முன்மாதிரி நம் ஊர்த் துணிதான். கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன, கையால் பூவும் கொடியும் தீட்டிய பருத்தித் துணிகள் மீது இங்கிலாந்தில் பெரும் மோகம் இருந்தது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே பெரும்பாலும் தடுக்கும் சட்டம் 1721இல் இயற்றப்பட்டது. அது 1774இல்தான் நீக்கப்பட்டது.

பின்னாளில், 1881இல், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் தம் பட்டறையை இதே ஆற்றங்கரையில் உள்ள மெர்ட்டன் அபேக்குக் கொண்டுவந்தார். சிறு பூக்கள் அச்சிட்ட மெல்லிய பருத்திக்குப் பேர்போன லிபர்ட்டி நிறுவனம் பக்கத்துப் பட்டறையை 1904இல் வாங்கி, 1972 வரை வைத்திருந்தது. அந்த இடத்தில் நீர்ச்சக்கரம் இன்றும் இருக்கிறது.

மிச்சத்தின் சொந்தப் பூ லாவெண்டர். பாட்டர் அண்ட் மூர் நிறுவனம் 1749இல் தொடங்கி இங்கே லாவெண்டர் எண்ணெய் வடித்தது. வயல்கள் வீடுகளாகிவிட்டன. ஆனால் உலர்ந்த லாவெண்டர் இன்றும் எளிதில் வாங்கக் கிடைக்கும். நம் மாலைக்கு அது பயன்படும்.

வாடாத பூக்கள்

'துணிப்பூ போலிப்பூதானே?' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் மரபு அப்படி நினைக்கவில்லை. பாணர்களுக்குப் பொன்னால் செய்த தாமரையை அரசர்கள் பரிசளித்ததைச் சங்கப் பாடல்கள் பலமுறை சொல்கின்றன. தஞ்சைப் பகுதியில் நீர்ச்செடியின் தக்கையைச் சீவி நெட்டி மாலை செய்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் அதைப் பார்க்கலாம்.

மிச்சத்தைக் கொண்டு அழகு செய்வது இங்கிலாந்துக்கும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை, இங்கே துணிக்கும் பங்கீடு இருந்தது. முதலாண்டில் ஆளுக்கு 66 கூப்பன்கள். இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றவும் கிழிந்ததைத் தைக்கவும் சொல்லித்தரும் கையேட்டை அரசே 1943இல் வெளியிட்டது. கீழே சொல்லியிருக்கும் சுருக்குப்பூவும் இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்குவதே. சஃபோக் மாவட்டத்தின் பெயரால் அதை 'சஃபோக் பஃப்' என்பார்கள்.

தேவையான பொருட்கள்

மெல்லிய துணித் துண்டுகள்: பழைய பருத்திச் சேலை, ரவிக்கை வெட்டு, குழந்தையின் சிறிதாகிப்போன சட்டை
சேலைக் கரையில் 40 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலமுள்ள பட்டை ஒன்று
30 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலமுள்ள துணிப் பட்டைகள் ஆறு
பழைய பொத்தான்கள் அல்லது அறுந்த மாலையின் மணிகள் 13
ஊசி, உறுதியான நூல், கத்தரிக்கோல், அட்டை
விரும்பினால் உலர்ந்த லாவெண்டர் சிறிது

செய்முறை

1. அட்டையில் 10, 8, 6 செ.மீ. விட்டமுள்ள மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றை வைத்துத் துணியில் பெரிய வட்டம் 3, நடுத்தரம் 6, சிறியது 4 என 13 வட்டங்கள் வெட்டுங்கள்.

2. வட்டத்தின் ஓரத்தை அரை செ.மீ. உள்பக்கமாக மடித்து, மடிப்பை ஒட்டியே சுற்றிவர ஓட்டுத்தையல் போடுங்கள். தையல் சற்று நீளமாக, அரை செ.மீ.க்குக் குறையாமல், இருக்கட்டும். பொடித்தையல் போட்டால் சுருக்கம் நெருங்காது, நடுவில் பெரிய ஓட்டை விழும். முதன்முறை செய்பவர்கள் தவறுவது இங்கேதான்.

3. நூலை மெல்ல இழுங்கள். துணி சுருக்குப்பை போலக் குவியும். முடிச்சுப் போட்டுக் கையால் தட்டையாக அழுத்தினால் பூ தயார். வட்டத்தின் பாதியைவிடச் சற்றுக் குறைவாகப் பூ வரும்: 10 செ.மீ. வட்டத்துக்கு 4.5, எட்டுக்கு 3.5, ஆறுக்கு 2.5.

4. மணம் வேண்டுமானால், பெரிய பூக்களைச் சுருக்குமுன் ஒரு சிட்டிகை லாவெண்டரை மெல்லிய துணியில் முடிந்து உள்ளே வைத்துவிடுங்கள். அப்படியே கொட்டினால் நடு ஓட்டை வழியே உதிரும்.

5. ஒவ்வொரு பூவின் நடுவிலும் பொத்தானோ மணியோ வைத்துத் தையுங்கள்.

6. கரைப் பட்டையின் நடுவில் மூன்று பெரிய பூக்கள், இருபுறமும் மும்மூன்று நடுத்தரம், பிறகு இரண்டிரண்டு சிறியவை என அடுக்குங்கள். ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் அரை செ.மீ. ஏறட்டும். ஏறக்குறைய 38 செ.மீ. வரும். ஒவ்வொரு பூவையும் பட்டையோடு இரண்டிடங்களில் தைத்தால்தான் மாலை முறுக்கிக்கொள்ளாது.

7. ஆறு பட்டைகளை மும்மூன்றாகச் சேர்த்து இரண்டு சடை பின்னுங்கள். அவற்றைக் கரைப் பட்டையின் இரு முனைகளிலும் தைத்து, பின்கழுத்தில் ஒன்றோடொன்று இணையுங்கள். மொத்தச் சுற்றளவு 70 செ.மீ.க்குக் குறையாவிட்டால் தலைவழியே போட்டுக்கொள்ளலாம், கொக்கி வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

சிவப்பு, நீலத் துணிகளை முன்னதாகவே நனைத்துப் பாருங்கள். சாயம் போனால் கழுத்துச் சட்டையைக் கெடுத்துவிடும். சரிகை விறைப்பானது, சுருக்க வராது. அதைப் பூவுக்கு எடுக்காமல் கரைப் பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கான மாலையில் பொத்தானும் மணியும் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடக்கூடும். நடுவில் ஒரு துணி முடிச்சே போதும். லாவெண்டர் வைத்த மாலையை நீரில் நனைக்கக் கூடாது.

எதை வெட்டுவது?

உண்மையில் இந்த வேலையில் கடினமானது தையல் அல்ல, கத்தரிக்கோலை எடுப்பதுதான். புலம்பெயர்ந்தவர் வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில் யாரும் உடுத்தாத சேலை ஒன்று இருக்கும். அம்மாவுடையது, அல்லது அம்மம்மாவுடையது. ஊரிலிருந்து ஒரே பெட்டியோடு வந்தவர்கள் அந்தப் பெட்டியில் இடம் ஒதுக்கிய சேலை. அதை வெட்ட மனம் வராது, எறியவும் மனம் வராது.

அதற்கு ஒரு வழி சொல்லலாம். பழைய பட்டாக இருந்தால் முதலில் சரிகை அசல் வெள்ளியா என்று கேட்டறியுங்கள். அசலென்றால் அவசரப்பட வேண்டாம். பிறகு சேலையை விரித்து மடிப்புகளைப் பாருங்கள். பட்டு நைந்து இற்றுப்போவது பெரும்பாலும் மடிப்புக் கோடுகளில்தான். விரலால் மெல்ல இழுத்தாலே கிழிகிற இடம் பூவுக்கும் ஆகாது. அதற்குப் பக்கத்தில் இன்னும் உறுதியாக உள்ள பகுதியில் ஒரு சாண் அகலம் எடுத்தால் நாலைந்து பூக்களுக்குப் போதும். முந்தானையைத் தொடாதீர்கள். சேலை சேலையாகவே இருக்கும்.

பதின்மூன்று பூக்களும் ஒரே துணியில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அம்மம்மாவின் சேலையில் மூன்று, தாத்தாவின் வேட்டிக் கரையில் ஒன்று, மகளின் முதல் பள்ளிச் சட்டையில் இரண்டு என்று கோத்தால் அது ஒரு குடும்பத்தின் மாலையாகிவிடும். செய்து முடித்ததும் எந்தப் பூ யாருடைய துணி என்று ஒரு சீட்டில் எழுதி மாலையோடு வைத்துவிடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் துணிகளின் கதை தெரியாது. சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் துணித்துண்டு. அவர்களுக்கு வாசிக்க வசதியான மொழியிலும் எழுதி வையுங்கள், தமிழிலும் எழுதி வையுங்கள்.