பம்பாயின் பெயரில் சென்ற தென்னாட்டு எஃகு

மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை, 1915இல் தொடங்கப்பட்ட ரயில்வே பணிமனை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து அப்பகுதியில் குடியேறிய தமிழர்களுக்குக் கடைசல் பட்டறை புதிதல்ல. ஓடித் தேய்ந்து இறுகிய ரயில் சக்கரத்தின் விளிம்பைச் சீவ, அதைவிடக் கடினமான வெட்டுளி வேண்டும். கடினமான உலோகத்தை எதைக் கொண்டு வெட்டுவது என்ற இக்கேள்விக்கு, அதே பம்பாயிலிருந்து ஒரு விடை 1794 வாக்கில் லண்டனுக்குச் சென்றது.

அனுப்பியவர் பம்பாயில் மருத்துவராக இருந்த ஹெலனஸ் ஸ்காட்; பெற்றவர் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ். பொருள், 'வூட்ஸ்' எனப்பட்ட எஃகு. ஸ்காட் தந்த பயன்பாட்டுப் பட்டியல்தான் இங்கு முதன்மையானது. துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் மோதும் முகப்புக்கு மேலுறையாக அது இடப்பட்டது. கடைசல் பொறியில் இரும்பை வெட்டவும், அரம், ரம்பம், கல்லுளி செய்யவும் உதவியது. வாள் பற்றியே பேசிப் பழகிய நம் வூட்ஸ் வரலாறு இந்த வரிகளைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

துப்பாக்கி முகப்புக்கு அது ஏன்? கல் உரசும்போது தெறிக்கும் நுண்ணிய எஃகுத் துகள்கள் காற்றில் எரிவதே பொறி. மெல்லிரும்பு நல்ல பொறி தராது. ஆனால் இந்த எஃகைக் கையாள்வது எளிதன்று. மங்கிய செஞ்சூட்டுக்கு மேல் காய்ச்சினால் அதன் ஒரு பகுதி உருகியோடிக் கட்டி முழுவதும் வீணாகும். இரும்போடு காய்ச்சி ஒட்டவும் இயலாது. திருகாணி போன்றவற்றால்தான் பொருத்த வேண்டும் என்கிறார் ஸ்காட். அதாவது, துப்பாக்கி செய்த கொல்லர் சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளந்து, பொறுமையாகத் தட்டி உருவாக்கி, தனியே பொருத்தியிருக்கிறார். உயர்ந்த கரி அளவே, ஏறத்தாழ 1.5 விழுக்காடு, இந்தக் கடினத்துக்கும் இந்த முரண்டுக்கும் காரணம் என்பது இன்றைய உலோகவியல்.

1795இல் ஜார்ஜ் பியர்சன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு, அதைப் பம்பாயில் செய்யப்படும் எஃகு என்றது. ஏற்றுமதித் துறைமுகம் பிறப்பிடமாகிவிட்டது! மூசையில் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்திருப்பது கொடுமணலிலும் மேல்சிறுவள்ளூரிலும். மைசூர்ப் பகுதி உலைகளை 1800-01இல் புக்கானன் நேரில் கண்டு எழுதினார். 'வூட்ஸ்' என்ற சொல்லே கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றோடு உறவுடையது என்பதே பெரும்பாலோர் கருத்து.

1805இல் டேவிட் மஷெட் இதே எஃகை ஆராய்ந்து, அதன் தன்மைக்கு மிகுதியான கரியே காரணம் என்றார். அவர் மகன் ராபர்ட் மஷெட் 1868இல் டங்ஸ்டன் கலந்த வெட்டுளி எஃகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் வழியிலேயே, நூற்றாண்டின் இறுதியில், சிவக்கக் காய்ந்தாலும் கூர் மழுங்காத டெய்லர்-ஒயிட் உயர்வேக எஃகு அமெரிக்காவில் உருவானது. தந்தையின் சோதனை மகனின் கண்டுபிடிப்புக்கு நேர்க் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் ஒரே குடும்பத்தின் மேசையில் இரண்டும் இருந்தன.

இங்கோ, அறிவு தங்கியிருந்த கைகளுக்கு வேலை குறைந்தது. பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதங்களைத் தடைசெய்தது. மலிவான ஆங்கில எஃகின் வரவும் விறகுக்கரிப் பற்றாக்குறையும் உலைகளை அணைத்தன; இவ்விரண்டும் ஆயுதத் தடையைவிடப் பெரிய காரணங்கள் என்றே கருத வேண்டும். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி செய்யவும் விற்கவும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஆயுதம் வைத்திருக்கவும் இந்தியர் உரிமம் பெற வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது. அவ்விலக்கு பின்னர் நீங்கியது. உரிமமின்றித் துப்பாக்கி செய்யக் கூடாதென்ற விதி 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது.