கம்பளியும் காலுறையும்: ஒரு குளிர்கால அன்பளிப்பின் வரலாறு

குளிர்காலம் தொடங்கியதும் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். வரி பற்றியோ படை நகர்வு பற்றியோ அல்ல. குளிர் ஒரு பகைவன். அது உடலுக்குள் விரைந்து புகும், மெதுவாகவே வெளியேறும். எனவே கம்பளியையும் காலுறைகளையும் ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். உடலை ஒட்டியும் கம்பளி இருக்கட்டும், அதற்கு மேலும் கம்பளி இருக்கட்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். இதைத் தம் ‘லதாயிஃபுல் மஆரிஃப்’ நூலில் பதிவு செய்திருப்பவர் 1393-ல் திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னு ரஜப் அல்ஹன்பலி. அதற்கான காரணத்தையும் அவரே சொல்கிறார். ஷாம் அப்போதுதான் வெற்றிகொள்ளப்பட்டிருந்தது. அங்கே குடியேறிய நபித்தோழர்களுக்கும் மற்றவர்களுக்கும் அத்தகைய குளிர் பழக்கமில்லை. அவர்களுக்கு இடர் நேர்ந்துவிடுமோ என்று கலீஃபா அஞ்சினார்கள்.

வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தைப் போன்றது இது. இன்று இலண்டனிலோ டொராண்டோவிலோ படிக்கும் மகனிடம், “காதை மூடிக்கொண்டாயா, காலுறை போட்டாயா” என்று காயல்பட்டினத்துத் தாய் தொலைபேசியில் கேட்பதும் இதே கவலைதான். நம்மூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் கம்பளியின் அருமை உடனே புரிவதில்லை. ஆனால் அந்நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளின் பயன்களைப் பேசத் தொடங்கும் 5-ஆம் வசனத்தில் முதலில் இடம்பெறுவது கதகதப்பு. உணவு அதற்குப் பிறகே வருகிறது. அதே அத்தியாயத்தின் 80-ஆம் வசனம் ஆட்டுக் கம்பளி, ஒட்டக உரோமம், வெள்ளாட்டு முடி என்று மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

உமர் (ரலி) அவர்களின் கடிதத்தில் காலுறைக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. ‘குஃப்’ என்பது தோலால் ஆனது. ‘ஜவ்ரப்’ என்பது கம்பளியாலோ துணியாலோ ஆனது. உளூவின்போது குஃப்பின் மீது மஸஹ் செய்யலாம்; ஜவ்ரபின் மீதும் செய்யலாமா, அது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று மத்ஹபுகளின் அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். அந்தச் சட்ட விவாதம் வேறொரு செய்தியையும் நமக்காகப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அக்காலத்தில் மக்கள் எதை அணிந்தார்கள் என்பதே அது. ஜவ்ரபின் மீது மஸஹ் செய்த தோழர்களின் பட்டியல் ஒன்றை இமாம் அபூதாவூத் தருகிறார்கள். அலீ (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி), அனஸ் (ரலி) ஆகியோருடன் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களின் பெயரும் அதில் உள்ளது. ஸஹ்ல் அவர்களிடம் நாம் மீண்டும் வருவோம்.

ஜவ்ரப் என்ற சொல் பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்தது. துருக்கியில் அது ‘சோராப்’ ஆயிற்று, போஸ்னியாவில் ‘சாரபே’, உருதுவில் ‘ஜுராப்’. ஒரு சிறு காலுறையின் பெயர் இவ்வளவு நாடுகளைக் கடந்திருக்கிறது.

பெயர் இருக்கட்டும், பொருள் எப்படிச் செய்யப்பட்டது? இங்கே நெய்தலையும் பின்னலையும் பிரித்தறிய வேண்டும். நெய்தலில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்கும் செல்கின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணி கண்ணியாக, ஒரு கண்ணிக்குள் மற்றொன்றாகக் கோக்கப்படுகிறது. திருப்பூர்ப் பனியனை இரு விரல்களால் இழுத்துப் பாருங்கள். அது நீண்டு மீண்டும் சுருங்கும். வேட்டி அப்படி நீளாது. குதிகாலைச் சுற்றி வளைந்து பொருந்த வேண்டிய காலுறைக்குப் பின்னலே ஏற்றதாயிற்று. கண்ணிகளுக்கிடையே சிறைப்படும் காற்றுதான் உடற்சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது.

இரண்டு ஊசிப் பின்னலுக்கு முன்பே எகிப்தில் ஒற்றை ஊசியால் நூலை முடிந்து முடிந்து காலுறை செய்யும் முறை இருந்தது. நைல் நதிக்கரையின் அன்டினூபோலிஸ் நகரில், 1913–14 அகழாய்வின்போது, பழங்காலக் குப்பைமேடு ஒன்றிலிருந்து ஒரு குழந்தையின் இடக்கால் காலுறை கிடைத்தது. ஏறத்தாழ கி.பி. 300-ஐச் சேர்ந்த அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. செருப்பின் வார் நுழைவதற்காகப் பெருவிரலுக்குத் தனி அறையும் மற்ற நான்கு விரல்களுக்கு ஓர் அறையும் வைத்திருக்கிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் தரும் மூன்றே செடிச் சாயங்களைக் கலந்து ஏழு வண்ணங்களை உண்டாக்கிப் பட்டை பட்டையாக அமைத்திருக்கிறார்கள். குழந்தையின் கால் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்று தெரிந்தும் யாரோ அதற்கு ஏழு வண்ணம் தேடியிருக்கிறார்கள்.

இன்று நாம் அறிந்த ஊசிப் பின்னலின் மிகப் பழைய எச்சங்களும் எகிப்திலிருந்தே வருகின்றன. ஆனால் இவை இஸ்லாமிய எகிப்தைச் சேர்ந்தவை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத் நகரின், அதாவது பழைய கெய்ரோவின், மண்மேடுகளிலும் பிற இடங்களிலும் நீலமும் வெள்ளையுமான காலுறைகளும் அவற்றின் துண்டுகளும் கிடைத்தன. அவை ஏறத்தாழ 11 முதல் 14-ஆம் நூற்றாண்டுகளுக்கு உட்பட்டவை. பெரும்பாலானவை கம்பளியல்ல, பருத்தி. கால்விரலில் தொடங்கி மேல்நோக்கிப் பின்னியிருக்கிறார்கள். குதிகாலைக் கடைசியில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். முதலில் தேய்வது குதிகால்தான் என்பதால், அதை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னிக்கொள்ள இம்முறை மிகவும் வசதியானது. சிக்கனம் அறிந்த இல்லத்தரசியின் கணக்கு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை வைத்து, “பின்னலைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே” என்ற பெருமிதச் செய்தி நம்மவர் கைப்பேசிகளில் அவ்வப்போது வலம்வருகிறது. சான்று சொல்வது அவ்வளவு அல்ல. எஞ்சியவற்றுள் பழையவை இஸ்லாமிய எகிப்தில் கிடைத்தன என்பது மட்டுமே அது சொல்வது. எகிப்தின் வறண்ட மணல் துணியைக் காக்கும். ஈரமான நாடுகளில் நூல் மக்கி மறைந்துவிடும். மேலும் அந்நகரில் முஸ்லிம்களுடன் கிப்திக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் வாழ்ந்தார்கள். பின்னியவரின் மார்க்கம் காலுறையில் எழுதப்பட்டிருப்பதில்லை. சில காலுறைகளின் பட்டைகளில் கூஃபி எழுத்தில் ‘அல்லாஹ்’ என்ற பெயர் இருப்பதாகவும் சிலர் வாசிக்கிறார்கள். எழுத்தைப் போலத் தோன்றும் வெறும் அலங்காரமே அது என்பாரும் உண்டு. பின்னதே எனக்கு ஏற்புடையது. இறைவனின் பெயரைத் தாங்கிய காகிதத்தைக்கூடத் தரையில் விடத் தயங்கும் ஒரு சமூகம், அதைப் பாதத்தில் அணிந்தது என்பதை எளிதில் நம்ப முடியவில்லை.

எழுத்து ஐயமின்றித் தெரியும் பின்னல் ஒன்றும் உண்டு. அது காலுறையல்ல, தலையணை உறை. ஸ்பெயினின் புர்கோஸ் நகருக்கருகே லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில், 1275-ல் இறந்த காஸ்டில் இளவரசர் ஃபெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் அது கிடைத்தது. பட்டு நூலால், ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள் வரும் அளவுக்கு நுண்மையாகப் பின்னப்பட்டது. அதன் விளிம்பில் ‘பரக்கத்’ என்ற அரபுச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முஸ்லிம்களோடு போர் தொடுத்த அரச குடும்பத்தின் பிள்ளை, முஸ்லிம் கைவினைஞர்களின் வேலை என்று கருதப்படும் அந்த உறையில் தலைவைத்து மண்ணுக்குள் போனார்.

அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியங்களில் பின்னல் ஊசிகள் தோன்றுகின்றன. 1589-ல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியை அமைத்தார். அதன் பிறகான கதை ஆலைகளின் கதை.

வீட்டுப் பின்னல் அன்பளிப்பாக நெடுங்காலம் உயிரோடிருந்த இடம் அனத்தோலியா. துருக்கியின் மலைக் கிராமங்களில் மணப்பெண்ணின் சீர்ப்பெட்டியில் அவள் பின்னிய கம்பளிக் காலுறைகள் இடம்பெற்றன. மணமகனுக்கு மட்டுமன்றி அவன் வீட்டாருக்கும் அவை வழங்கப்பட்டன. ஃபுஸ்தாத் காலுறைகளைப் போலவே இவையும் விரல்நுனியில் தொடங்கி, ஐந்து ஊசிகளால் வட்டமாகப் பின்னப்படுபவை. பூவேலைகளுக்குப் பெயர்களும் உண்டு: ஆட்டுக்கடாக் கொம்பு, ஓநாய்த் தடம், கொக்கி. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் இப்பெயர்களை மகள்களுக்கு வாய்வழியாகவே சொல்லித் தந்தார்கள். புதிய வீட்டில் முதன்முதலாகக் கால்வைக்கும் பெண், அவ்வீட்டார் அனைவரின் பாத அளவையும் முன்கூட்டியே கேட்டறிந்து வருவதை எண்ணிப் பாருங்கள். மாமியாரின் உள்ளத்தை இளக்க அதைவிட நல்ல வழி இருந்திருக்குமா!

கையால் செய்து கொடுப்பதில் ஒரு நெருடலும் உண்டு. பல இரவுகள் விழித்துப் பின்னிய மேலாடையை, வாங்கிக்கொண்டவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் பின்னியவரின் மனம் சுருங்கும். இங்கேதான் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஸஹீஹுல் புகாரியில் உள்ள அதில் பேசப்படுவது பின்னலல்ல, நெசவு.

ஒரு பெண்மணி கரைவைத்து நெய்த புர்தா ஒன்றை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார். தாமே தம் கையால் நெய்ததாகவும், அவர்கள் அணிய வேண்டும் என்பதற்காகவே கொண்டுவந்ததாகவும் சொன்னார். நபியவர்களுக்கும் அப்போது அது தேவைப்பட்டது. ஏற்றுக்கொண்டு, அதையே கீழாடையாக உடுத்தி வெளியே வந்தார்கள். அவையிலிருந்த ஒருவர் அதன் அழகைப் புகழ்ந்து, தமக்குத் தருமாறு கேட்டார். நபியவர்கள் உள்ளே சென்று, அதைக் கழற்றி மடித்து, அவருக்கு அனுப்பிவைத்தார்கள். நபியவர்களுக்குத் தேவையிருந்தும், கேட்பவரை அவர்கள் மறுப்பதில்லை என்று தெரிந்தும் கேட்டுவிட்டாயே என்று தோழர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள். உடுத்துவதற்காகக் கேட்கவில்லை, என் கஃபனாக இருக்கட்டும் என்றே கேட்டேன் என்றார் அவர்.

நெய்த பெண்மணியின் பெயரை அறிவிப்பு குறிப்பிடவில்லை. அது ஓரத்துக் கரையோடு சேர்த்து நெய்யப்பட்ட துணி என்பதை மட்டும், புர்தா என்றால் என்னவென்று கேட்போருக்குக் கேள்வி எழுப்பி விளக்கிவிட்டே ஸஹ்ல் (ரலி) தொடர்கிறார்கள். பின்னர் அத்துணியே அம்மனிதரின் கஃபனாயிற்று என்றும் சொல்கிறார்கள்.