எழுத்தின் விலை

குழந்தைகளோடும் விருந்தாளிகளோடும் பொழுது போக்க மேஜைமேல் விரிக்கிற ஒரு சொல் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு அபத்தமாகப் படலாம். ஆனால் ஸ்க்ராபிளின் சரித்திரத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. சொல்லின் மதிப்பு எங்கிருந்து வருகிறது? நம் விமர்சனம் இதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃப்ரெட் மோஷர் பட்ஸ் (1899-1993) என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பொருளாதார மந்தத்தில், 1931ல், வேலை போயிற்று. கட்டடம் கட்டுவார் இல்லாத அந்த நாட்களில் அவர் விளையாட்டுகளை ஆராய ஆரம்பித்தார். பகடையும் எண்ணும் கொண்டவை, சதுரங்கம் போலக் காய் நகர்த்துபவை, சொற்களை வைத்து ஆடுபவை என்று மூன்றாகப் பிரித்தார். மூன்றாவது வகை சோனியாக இருந்தது. அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஒரு சொல் விளையாட்டை அவர் செய்யப் பார்த்தார்.

ரகசிய லிபியை எழுத்துகளின் எண்ணிக்கை கொண்டே உடைக்கும் கதை ஒன்றை எட்கர் ஆலன் போ 1843ல் எழுதியிருக்கிறார். அந்த உத்தியைப் பட்ஸ் கையிலெடுத்தார். ந்யூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளின் பக்கங்களை வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அடிக்கடி வருகிற ‘ஈ’க்கு 12 காய்கள், ஒரு புள்ளி. அபூர்வமான ‘க்யூ’வுக்கும் ‘இஸட்’டுக்கும் ஒவ்வொரு காய், பத்துப் புள்ளி. இரண்டு வெற்றுக் காய்களையும் சேர்த்து மொத்தம் 100. ஆங்கிலப் பெட்டியில் இந்த விலைப்பட்டியல்தான் இன்றும் புழங்குகிறது.

நான் வேலை பார்ப்பது வங்கியில். பட்ஸ் செய்த காரியம் எனக்கு உடனே புரிகிறது. அவர் ஒரு செலாவணியை அச்சிட்டார். அதன் ஆதாரம் பற்றாக்குறை. மந்தத்தின் நடுவே, வேலையில்லாத ஒரு மனிதர், எழுத்துக்கு விலை வைத்தார்.

முதலில் இதற்குப் பலகையே கிடையாது. ‘லெக்ஸிகோ’ என்று பெயர். விளையாட்டுக் கம்பெனிகள் மறுத்தன. 1938ல் அவர் 225 கட்டங்கள் கொண்ட பலகையைச் சேர்த்தார். ஆர்தர் வின் 1913 டிசம்பரில் ந்யூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆரம்பித்து வைத்த குறுக்கெழுத்துப் புதிர் அதற்குள் தேசத்தையே பிடித்து ஆட்டியிருந்தது. அதன் கட்டங்களைப் பட்ஸ் எடுத்துக்கொண்டார், குறிப்புகளை விட்டுவிட்டார். இதைக் கவனிக்க வேண்டும். குறுக்கெழுத்தில் சொல்லை அடையும் வழி அதன் அர்த்தம். பட்ஸின் பலகையில் அர்த்தத்துக்கு வேலை இல்லை. அகராதியில் இருந்தால் போதும்.

1948ல் ஜேம்ஸ் ப்ரூனோ உரிமையை வாங்கி ஸ்க்ராபிள் என்று பெயரிட்டார். அடுத்த வருஷம் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். 1952க்குப் பிறகு செய்து மாளவில்லை. வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அர்த்தத்தை வெளியேற்றியதன் தர்க்க ரீதியான முடிவு 2015ல் வந்தது. நியூஸிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024ல் ஸ்பானிஷ் பட்டத்தையும் அப்படியே வென்றார். ஆனால் வெளியேற்றிய அர்த்தம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. இனத்தை இழிவுபடுத்தும் வசைச் சொற்களை வட அமெரிக்க ஆட்டக்காரர்களின் சங்கம் 2020ல் பட்டியலிலிருந்து நீக்கியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பலகையில் அவை வெறும் காய்கள்தானே என்றார்கள் ஒரு சாரார். எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்தச் சொல்லால் அடிபட்டவன் என்றால் அது எப்படி வெறும் காயாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நம்மிடமும் பட்ஸின் விலைப்பட்டியல் உண்டு. அபூர்வமான சொல்லுக்குப் பத்துப் புள்ளி, தெருவில் புழங்கும் சொல்லுக்கு ஒன்று. சங்கத்திலிருந்து தோண்டியெடுத்த பதத்தையோ புதிதாக வார்த்த கலைச்சொல்லையோ கண்ட மாத்திரத்தில் கவிதைக்கு மார்க் போடும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை ஸ்க்ராபிளுக்குள்ளேயே இருக்கிறது.

‘எஸ்’ என்ற எழுத்துக்கு ஒரு புள்ளிதான். ஆனால் ஆடத் தெரிந்தவன் அதைச் சுலபத்தில் விடமாட்டான். எதிராளி வைத்த சொல்லின் வாலில் அதை ஒட்டிப் பன்மையாக்கி, குறுக்கே தன் சொல்லையும் நிறுத்தி, இரண்டுக்கும் புள்ளி வாங்கிவிடலாம். இது மிதமிஞ்சிப் போகாமலிருக்கத்தான் பட்ஸ் நான்கே ‘எஸ்’ வைத்தார். வெற்றுக் காய்க்கு விலை பூஜ்யம். எந்த எழுத்தாகவும் நிற்கும் என்பதால் பையிலேயே அதிகம் விரும்பப்படுவது அதுதான். பத்துப் புள்ளி ‘க்யூ’வோ, வைக்க இடமில்லாமல் கடைசிவரை கையில் தங்கினால் நம் கணக்கிலிருந்தே பத்தைக் கழித்துவிடும். விலை காயின்மேல் எழுதியிருக்கிறது. மதிப்பு அது எதோடு போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. பட்ஸின் பட்டியலைப் பட்ஸின் ஆட்டமே மறுக்கிறது.

தமிழில் இது இன்னும் சிக்கலாகிறது. தமிழுக்கு 247 எழுத்துகள் என்பது சின்ன இடைஞ்சல்தான். ‘கல்’லின் வாலில் ‘கள்’ளை ஒட்டினால் ‘கற்கள்’. ஏற்கனவே வைத்த ‘ல்’ ‘ற்’ ஆகிவிடுகிறது. ‘மரம்’ ‘மரங்கள்’ ஆகையில் ‘ம்’ ‘ங்’ ஆகிறது. வைத்த காய் மாறாது என்பது ஆங்கிலப் பலகையின் ஆதார விதி. நம் மொழியிலோ பக்கத்தில் வந்து உட்காருவது, ஏற்கனவே இருப்பதை மாற்றிவிடுகிறது. இலக்கணக்காரர் இதைப் புணர்ச்சி என்று விதி எழுதி வைத்தார். கவிஞனுக்கு இது தினசரி அனுபவம். ஒரு வரியில் ஒரு சொல்லை மாற்றினால் மற்றச் சொற்களும் பழைய சொற்களாக இருப்பதில்லை.

ஆகவே, கவிதையில் தனிச்சொல்லைச் சுட்டிக்காட்டிப் பாராட்டுகிறவரிடம் நான் ஒன்று கேட்பேன். அந்தச் சொல் வந்ததால் அதன் பக்கத்துச் சொல்லுக்கு என்ன ஆயிற்று? இதற்கு அவர் பதில் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.